இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல், 1969

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல், 1969 என்பது இந்தியாவின் நான்காவது குடியரசுத் தலைவரைத் தெரிவு செய்வதற்காக 1969 ஆகத்து 16 அன்று நடைபெற்ற மறைமுகத் தேர்தல் ஆகும். ஆளுங்கட்சியான இந்திய தேசிய காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி வெற்றி பெறுவார் எனப் பரவலாக எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் சுயேச்சையாகப் போட்டியிட்ட வி. வி. கிரி வெற்றி பெற்றார். முதல் விருப்ப வாக்குகளால் முடிவு காண இயலாமல், அடுத்தடுத்த விருப்ப வாக்குகளை எண்ணி முடிவு செய்யப்பட்ட ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் இதுவே (2022 வரை நடந்த தேர்தல்களைக் கொண்டு). முன்னணியில் இருந்தவராகக் கருதப்பட்ட ரெட்டி ஏன் தோற்றார் என்ற கேள்வி இந்திய அரசியல் வரலாற்றில் தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வருகிறது. இத்தேர்தல் முடிந்த மூன்று மாதங்களுக்குள் காங்கிரசுக் கட்சி இரண்டாகப் பிளந்தது.

பின்னணி

1967 பொதுத்தேர்தலில் காங்கிரசு மக்களவையின் 520 இடங்களில் 283 இடங்களை மட்டுமே பெற்றது. சென்னை மாநிலம், மேற்கு வங்காளம் உள்ளிட்ட பல மாநிலங்களில் அது ஆட்சியை இழந்தது. அதே ஆண்டில் நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலில் காங்கிரசு வேட்பாளர் ஜாகிர் உசேன் 4,71,244 வாக்குகள் பெற்றார். எதிர்க்கட்சிகளின் வேட்பாளரான கே. சுப்பா ராவ் 3,63,971 வாக்குகள் பெற்றார். முந்தைய தேர்தல்களைப் போல எளிதாக இல்லாவிடினும், காங்கிரசு நிறுத்தும் வேட்பாளரே வெல்வார் என்ற வழமை அப்போதும் மாறவில்லை.

ஜாகிர் உசேன் 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். குடியரசுத் துணைத் தலைவராக இருந்த வி. வி. கிரி தற்காலிகக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

இக்காலத்தில் காங்கிரசுக்குள் இரு அதிகார மையங்கள் இருந்தன. ஒன்று பிரதமர் இந்திரா காந்தியைச் சுற்றி அமைந்தது. மற்றொன்று 'சிண்டிகேட்' என அழைக்கப்பட்ட மூத்த தலைவர்களின் குழு ஆகும். கு. காமராசர், எஸ். நிஜலிங்கப்பா, எஸ். கே. பாட்டீல், அதுல்ய கோஷ், சஞ்சீவ ரெட்டி ஆகியோர் இக்குழுவினராகக் கருதப்பட்டனர். லால் பகதூர் சாஸ்திரியின் மறைவிற்குப் பின் 1966 சனவரியில் நடந்த நாடாளுமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில், காமராசரின் முயற்சியால் இந்திரா காந்தி 355 வாக்குகள் பெற்று, 169 வாக்குகள் பெற்ற மொரார்ஜி தேசாயை வென்றார். மூன்றே ஆண்டுகளில், அவரை அப்பதவிக்குக் கொண்டுவந்தவர்களும் அவரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

தேர்தல் முறை

இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அரசியலமைப்பின் 54 ஆம் உறுப்பின்படி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் அடங்கிய வாக்காளர் குழு அவரைத் தெரிவு செய்கிறது. நியமன உறுப்பினர்களுக்கும் சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் வாக்குரிமை இல்லை.

ஒவ்வொரு வாக்கிற்கும் தனி மதிப்பு உண்டு. மாநிலத்தின் மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதனை மீண்டும் 1000 ஆல் வகுத்தால் அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு கிடைக்கும். எல்லா மாநிலங்களின் மொத்த மதிப்பையும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு கிடைக்கும்.

1969 தேர்தலுக்கு 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அடிப்படையாக அமைந்தது. அதன்படி சுமார் 3 கோடியே 37 லட்சம் மக்களையும் 234 சட்டமன்ற இடங்களையும் கொண்ட தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 144 ஆகும். நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 576 ஆகும். அதாவது தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்கள் நால்வரின் வாக்கு, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கிற்குச் சமமாக இருந்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றான ஜவ்வாது மலை 1969 இல் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் உள்ளிட்ட வாக்காளர்கள் கிரிக்கோ ரெட்டிக்கோ நேரடியாக வாக்களிக்கவில்லை. 1967 பொதுத்தேர்தலில் அவர்கள் தெரிவு செய்த சட்டமன்ற உறுப்பினரும் மக்களவை உறுப்பினருமே அவர்கள் சார்பில் வாக்களித்தனர். வாக்கெடுப்பு மறைவானது என்பதால், தம் பிரதிநிதி யாருக்கு வாக்களித்தார் என்பதை அறிய அவ்வாக்காளருக்கு வழி இல்லை. இத்தேர்தல் எழுப்பிய விவாதங்களுக்கு இம்முறைமையே அடிப்படை.

வாக்களிப்பு ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடைபெறும். வாக்காளர் வேட்பாளர்களின் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 எனத் தம் விருப்ப வரிசையைக் குறிப்பார். செல்லத்தக்க வாக்குகளில் பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால், மிகக் குறைந்த வாக்குகள் பெற்றவர் விலக்கப்பட்டு, அவருடைய வாக்குச்சீட்டுகள் அவற்றில் குறிக்கப்பட்டுள்ள அடுத்த விருப்பத்தின்படி பிறருக்கு மாற்றப்படும். அடுத்த விருப்பம் குறிக்கப்படாத சீட்டுகள் கணக்கிலிருந்து நீங்கிவிடும்.

கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு

1969 சூலையில் பெங்களூரில் அனைத்திந்திய காங்கிரசுக் குழுவின் கூட்டம் நடைபெற்றது. அங்கு கூடிய காங்கிரசு நாடாளுமன்றக் குழு குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தெரிவு செய்தது. மக்களவைத் தலைவராக இருந்த சஞ்சீவ ரெட்டியின் பெயரை சிண்டிகேட் தலைவர்கள் முன்வைத்தனர். அவர் ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர். காங்கிரசின் தலைவராகவும் இருந்தவர். இந்திரா காந்தி ஜகஜீவன்ராமின் பெயரை முன்மொழிந்தார். அது காந்தியடிகளின் நூற்றாண்டு என்பதால் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் குடியரசுத் தலைவராவது பொருத்தம் என்பது அவர் முன்வைத்த வாதம்.

காமராசர், மொரார்ஜி தேசாய், எஸ். கே. பாட்டீல் ஆகியோருடன் உள்துறை அமைச்சர் ஒய். பி. சவானும் ரெட்டியை ஆதரித்தார். பக்ருதீன் அலி அகமது பிரதமருடன் நின்றார். ரெட்டியே வேட்பாளர் என முடிவாயிற்று. கட்சிக்குள் நடந்த இப்போட்டியில் பிரதமர் தோற்றார். எனினும் கட்சி முடிவை ஏற்று, ரெட்டியின் வேட்புமனுவை அவரே முன்மொழிந்தார்.

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளர், மாநிலந்தோறும் நடைபெறும் முதல்நிலைத் தேர்தல்கள் வழியாகப் பல மாத காலம் சோதிக்கப்பட்டுத் தெரிவாகிறார். முன்னணியில் இருப்பவரின் வலுவின்மை இருந்தால் அது அக்கட்டத்திலேயே வெளிப்படும். 1972 இல் மக்களாட்சிக் கட்சியின் முன்னணி வேட்பாளராகக் கருதப்பட்ட எட்மண்ட் மஸ்கி, நியூ ஆம்ப்சயரில் முதலிடம் பெற்றும் எதிர்பார்த்த அளவு வாக்குகள் பெறாததால் பின்தங்கினார். 2008 இல் இலரி கிளின்டன் அயோவாவில் மூன்றாமிடத்திற்குத் தள்ளப்பட்டு, இறுதியில் பராக் ஒபாமாவிடம் வேட்பாளர் வாய்ப்பை இழந்தார். இந்தியாவில் அத்தகைய இடைக்கட்டம் இல்லை. ஒரு சிறு குழுவின் பெரும்பான்மையே ரெட்டியை வேட்பாளராக்கியது. கட்சியின் பிற உறுப்பினர்களிடையே அவருக்கு இருந்த உண்மையான ஆதரவு வாக்கு எண்ணும் நாளில்தான் தெரிய வந்தது.

வேட்பாளர்கள்

மொத்தம் 15 பேர் போட்டியிட்டனர். அவர்களுள் மூவர் முதன்மையானவர்கள்.

நீலம் சஞ்சீவ ரெட்டி: காங்கிரசின் வேட்பாளர். தேர்தலில் போட்டியிடுவதற்காக மக்களவைத் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

வி. வி. கிரி: தொழிற்சங்கத் தலைவர். 1937 இல் இராசாசி தலைமையில் அமைந்த சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர். உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் மாநிலங்களின் ஆளுநராகவும் இருந்தவர். காங்கிரசு தம்மை வேட்பாளராக அறிவிக்காததால் சுயேச்சையாகப் போட்டியிடுவதாக அறிவித்தார். 1969 சூலை 20 அன்று பதவி விலகினார். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். இதயத்துல்லா தற்காலிகக் குடியரசுத் தலைவரானார்.

சி. டி. தேஷ்முக்: இந்திய ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர், முன்னாள் நிதியமைச்சர். சுதந்திராக் கட்சியும் பாரதிய ஜனசங்கமும் இவரை நிறுத்தின.

போட்டியின் போக்கு

பெங்களூர் முடிவு வெளியான சில நாட்களிலேயே நிலைமை மாறத் தொடங்கியது. சூலை 16 அன்று இந்திரா காந்தி மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறையை எடுத்துக்கொண்டார். தேசாய் அமைச்சரவையிலிருந்து விலகினார். சூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் அவசரச் சட்டத்தின் மூலம் நாட்டுடைமையாக்கப்பட்டன. அச்சட்டத்தில் கையொப்பமிட்டவர் அப்போது தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த கிரி ஆவார். இந்நடவடிக்கைகளால், குடியரசுத் தலைவர் தேர்தல் இரு தனிநபர்களுக்கிடையேயான போட்டி என்பதிலிருந்து மாறி, பொருளாதாரக் கொள்கை பற்றிய மோதலாகவும் தோற்றம் பெற்றது.

காங்கிரசின் வாக்குகள் சிதறக்கூடும் என்ற ஐயம் எழுந்தபோது, கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா சுதந்திராக் கட்சி, ஜனசங்கம் ஆகியவற்றின் தலைவர்களைச் சந்தித்தார். அக்கட்சியினர் தங்கள் முதல் விருப்ப வாக்கைத் தேஷ்முக்கிற்கு அளித்தாலும், இரண்டாம் விருப்பத்தை ரெட்டிக்கு அளிக்க வேண்டும் என்பது அவரது நோக்கம். இச்சந்திப்பு எதிரணியினருக்கு வலுவான வாதத்தை அளித்தது. காங்கிரசின் கொள்கைகளுக்கு எதிரான கட்சிகளுடன் தலைமை உடன்பாடு செய்துகொண்டது எனக் குற்றஞ்சாட்டி, ஜகஜீவன்ராமும் பக்ருதீன் அலி அகமதும் உறுப்பினர்கள் தம் விருப்பப்படி வாக்களிக்க உரிமை வேண்டும் எனக் கோரினர். ரெட்டிக்கு வாக்களிக்குமாறு கொறடா உத்தரவு பிறப்பிக்க இந்திரா காந்தி மறுத்துவிட்டார். உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்ற அழைப்பு வாக்கெடுப்பிற்கு முன்பாக விடுக்கப்பட்டது.

இடதுசாரிக் கட்சிகளும் அகாலி தளமும் திராவிட முன்னேற்றக் கழகமும் கிரியை ஆதரித்தன.

முடிவுகள்

வாக்குகள் ஆகத்து 20 அன்று எண்ணப்பட்டன. செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்குத் தேவையான அளவு 4,18,169.

முதல் விருப்ப வாக்குகள்:
வி. வி. கிரி – 4,01,515
நீலம் சஞ்சீவ ரெட்டி – 3,13,548
சி. டி. தேஷ்முக் – 1,12,769
பிறர் – 8,505

எவரும் தேவையான அளவை எட்டாததால் கடைசியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலக்கப்பட்டனர்.

இறுதி நிலை:
வி. வி. கிரி – 4,20,077
நீலம் சஞ்சீவ ரெட்டி – 4,05,427

கிரி 14,650 வாக்கு மதிப்பு வேறுபாட்டில் வென்றார். ஆகத்து 24 அன்று பதவியேற்றார். சுயேச்சையாகப் போட்டியிட்டுக் குடியரசுத் தலைவரான ஒரே நபர் அவரே.

தோல்விக்கான காரணங்கள் குறித்த விவாதம்

ரெட்டியின் தோல்விக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றை வாக்கு விவரங்களுடன் ஒப்பிட்டு நோக்குவது பயனுள்ளது.

முதலாவது கருத்து, எதிர்க்கட்சிகளின் இரண்டாம் விருப்ப வாக்கு ரெட்டிக்குக் கிடைக்கவில்லை என்பது. எண்கள் இதனை உறுதிப்படுத்தவில்லை. தேஷ்முக்கும் பிற வேட்பாளர்களும் பெற்ற 1,21,274 வாக்குகளில் 91,879 ரெட்டிக்கும், 18,562 கிரிக்கும் சென்றன. எஞ்சிய 10,833 எவருக்கும் மாறவில்லை. அதாவது மாறிய வாக்குகளில் பெரும்பகுதி ரெட்டியையே அடைந்தது. நிஜலிங்கப்பாவின் முயற்சி எண்ணிக்கை அளவில் பலனளித்தது எனலாம்.

இரண்டாவது கருத்து, அம்முயற்சியே ரெட்டிக்குத் தீங்காயிற்று என்பது. முதல் விருப்ப வாக்குகளில் ரெட்டி, 1967 இல் ஜாகிர் உசேன் பெற்றதைவிட 1,57,696 குறைவாகப் பெற்றார். சொந்தக் கட்சியினரின் ஒரு பகுதி அவரைக் கைவிட்டது என்பதில் ஐயமில்லை. எதிர்க்கட்சிகளை நாடியது அவர்கள் கட்சி முடிவை மீறுவதற்கு ஒரு நியாயத்தை வழங்கியது என்பது இக்கருத்தினரின் வாதம். பிரதமருக்கும் சிண்டிகேட்டிற்கும் இடையே ஏற்கெனவே இருந்த பகையே காரணம், சந்திப்பு வெறும் சாக்கு என்பது இதற்கான மறுப்பு.

மூன்றாவது கருத்து, மாநிலக் கட்சிகளின் ஆதரவே முடிவைத் தீர்மானித்தது என்பது. 1967 இல் தி.மு.க. வென்ற மக்களவை இடங்கள் 25. அவற்றின் வாக்கு மதிப்பு மட்டும் 14,400 ஆகும். இது வெற்றி வேறுபாட்டிற்குக் கிட்டத்தட்ட நிகரானது. அக்கட்சியின் சட்டமன்ற வாக்குகளையும் சேர்த்தால், தி.மு.க. எதிரணியில் நின்றிருந்தால் கிரி வென்றிருக்க இயலாது என்பது தெளிவாகும். எனினும் இடதுசாரிகள் முதலான ஏனைய ஆதரவாளர்களைப் பற்றியும் இதையே கூறலாம். நெருக்கமான தேர்தலில் ஒவ்வொரு குழுவும் தானே முடிவைத் தீர்மானித்ததாகக் கூறிக்கொள்ள இயலும்.

வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதும் கருதத்தக்கது. கிரியின் கணக்கிலிருந்து 7,326 வாக்கு மதிப்பு ரெட்டிக்கு மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும். இது 13 நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்கு மதிப்பிற்குள் அடங்குவதாகும்.

மனச்சாட்சியும் கட்சிக் கட்டுப்பாடும்

இத்தேர்தல் எழுப்பிய அடிப்படைக் கேள்வி, ஒரு மக்கள் பிரதிநிதியின் வாக்கு எவருக்குரியது என்பதாகும். கட்சியின் சின்னத்தில் வென்றவர் கட்சியின் முடிவிற்குக் கட்டுப்பட்டவர் என்று சிண்டிகேட் தலைவர்கள் கருதினர். வேட்புமனுவை முன்மொழிந்த பிரதமரே தம் கட்சி வேட்பாளருக்கு எதிராக வாக்களிக்க வழிவிட்டது கட்டுப்பாட்டை மீறிய செயல் என அவர்கள் வாதிட்டனர். குடியரசுத் தலைவர் கட்சிக்கு அப்பாற்பட்டவர், அதனாலேயே வாக்கெடுப்பு மறைவாக நடத்தப்படுகிறது, ஆகவே அதில் கட்டளைக்கு இடமில்லை என்று மறுதரப்பினர் கூறினர். இத்தேர்தலில் கொறடா உத்தரவு பிறப்பிக்கக் கட்சிகளுக்கு உரிமையில்லை என்பதைப் பிற்காலத்தில் தேர்தல் ஆணையமும் தெளிவுபடுத்தியுள்ளது.

சட்ட நிலை இரண்டாவது வாதத்திற்குச் சாதகமாக உள்ளது. எனினும் அது முழுமையான விடையன்று. மறைவான வாக்கு, கட்சித் தலைமையின் அச்சுறுத்தலிலிருந்து உறுப்பினரைக் காக்கிறது. அதே நேரத்தில், ஜவ்வாது மலையிலோ வேறெங்கோ அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய வாக்காளரின் கேள்வியிலிருந்தும் அது அவரைக் காக்கிறது. மனச்சாட்சி வாக்கு, பேரத்தால் அளிக்கப்பட்ட வாக்கு ஆகிய இரண்டும் வாக்குப்பெட்டிக்குள் ஒரே தோற்றம் உடையவை.

நீதிமன்ற வழக்கு

கிரியின் வெற்றியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு தொடரப்பட்டது. ரெட்டியை இழிவுபடுத்தும் பெயரிடப்படாத துண்டறிக்கை ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே பரப்பப்பட்டது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. பதவியில் இருந்த குடியரசுத் தலைவரான கிரி நேரில் தோன்றிச் சாட்சியம் அளித்தார். 1970 இல் வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது.

விளைவுகள்

1969 நவம்பர் 12 அன்று இந்திரா காந்தி காங்கிரசிலிருந்து நீக்கப்பட்டார். கட்சி இரண்டாகப் பிரிந்தது. நிஜலிங்கப்பா, காமராசர், மொரார்ஜி தேசாய் ஆகியோர் நிறுவன காங்கிரசில் இருந்தனர். தமிழ்நாட்டில் சி. சுப்பிரமணியம் இந்திரா காந்தி பக்கம் நின்றார். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையை இழந்த இந்திரா காந்தியின் அரசு தி.மு.க., இடதுசாரிகள் ஆகியோரின் ஆதரவுடன் நீடித்தது. 1971 மக்களவைத் தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரசு 352 இடங்களையும், நிறுவன காங்கிரசு 16 இடங்களையும் பெற்றன. தமிழ்நாட்டில் தி.மு.க. 23 இடங்களைக் கைப்பற்றியது. நிறுவன காங்கிரசு வென்ற ஒரே இடம் காமராசர் போட்டியிட்ட நாகர்கோவில் ஆகும்.

தேர்தல் விதிகளும் மாற்றப்பட்டன. 1974 இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி, வேட்புமனுவை வாக்காளர் குழுவைச் சேர்ந்த 10 பேர் முன்மொழியவும் 10 பேர் வழிமொழியவும் வேண்டும் என்றும், 2,500 ரூபாய் வைப்புத்தொகை செலுத்த வேண்டும் என்றும் வரையறுக்கப்பட்டது. 1997 இல் இவை 50 பேர், 50 பேர், 15,000 ரூபாய் என உயர்த்தப்பட்டன.

சஞ்சீவ ரெட்டி 1977 இல் ஜனதா கட்சியின் சார்பில் ஆந்திரப் பிரதேசத்தின் நந்தியால் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு சூலையில் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டார். அத்தேர்தலில் தாக்கல் செய்யப்பட்ட 37 வேட்புமனுக்களில் 36 தள்ளுபடியாயின. முன்னணி வேட்பாளராக இருந்தும் 1969 இல் தோற்ற ரெட்டி, இம்முறை வாக்கெடுப்பே இன்றி ஒருமனதாகத் தெரிவானார். போட்டியின்றித் தெரிவான ஒரே இந்தியக் குடியரசுத் தலைவர் அவரே.